வானத்துக்கு நீலம் அடித்தவள்

என்னைப் போல அவசரக்குடுக்கை எங்கள் குடும்பத்தில் இன்னொருத்தி பிறக்கவில்லை. அம்மாவும் சொல்வாள், மாமியாரும் சொல்வார், நானும் ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூற்றொன்றில், மூன்றாம் வகுப்பிலேயே அது நிரூபணமாகிவிட்டது.

ஒரகடம் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். சுவர் முழுக்கப் படம் போட வேண்டும் என்று டிராயிங் மாஸ்டருக்கு ஆசை வந்தது. பத்தாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஜோடி ஜோடியாகச் சேர வேண்டும். பெரியவர்கள் கரியால் கோடு இழுக்கலாம், வர்ணத்தைத் தொடக் கூடாது. சின்னவர்கள் வர்ணம் அடிக்கலாம், கோடு இழுக்கக் கூடாது. எனக்கு ஜோடி என் பெரியப்பா மகள். எங்கள் பங்குக்கு வந்தது ஏரி.

அக்காவைப் படிப்பிலிருந்து நிறுத்துவதாகப் பெரியப்பா அதற்குள் முடிவு செய்திருந்தார். மாஸ்டர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். பெரியப்பா கொஞ்சம் இறங்கினார்.

"சரி சார், படம் முடியிற வரிக்கும் வரட்டும். அப்பால மாட்டப் பாக்க ஆளு வோணும்."

நானும் அங்கேதான் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மற்ற ஜோடிகள் ஒரே வாரத்தில் முடித்துவிட்டார்கள். எங்கள் ஏரி மட்டும் முடிவேனா என்றது. அக்கா தினமும் ஒரு கொக்கு போடுவாள். அதன் மூக்குக்கு நான் மஞ்சள் அடித்து நிமிர்ந்தால், மறுநாள் இன்னொன்று. ஒன்பது கொக்கு, நாலு எருமை, போதாக்குறைக்கு எங்கள் ஏரியில் நான் பார்த்தே இராத ஒரு படகு.

"இன்னாக்கா, அல்லாரும் முடிச்சிட்டாங்க. நம்மளப் பாத்து சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். வானம் எம்மாம் காலியா கீது பாரு."

இன்னும் கொக்கா! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிடப் போன சமயம், பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, வானம் மொத்தத்துக்கும் நீலம் அடித்துவிட்டேன். விரலளவு வெள்ளைகூட மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பக்கம் வந்த ஹெட்மாஸ்டர், "அட, முடிஞ்சிடுச்சா! சபாஷ்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா வந்தாள். சுவரைப் பார்த்தாள். கரித்துண்டை எடுத்து ஈர நீலத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கரி வழுக்கியது.

"நீயே முடிச்சிட்டியாடி?"

"ஆமாக்கா! நல்லா கீதா?"

"நல்லா கீது," என்று என் முகத்தில் ஒட்டியிருந்த நீலத்தைத் தாவணியால் துடைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. தன்னை விட்டுவிட்டு நான் தனியாகப் பேர் வாங்கிவிட்டேனே, அந்தக் கோபம் என்று நினைத்தேன். அவள் வீட்டுப் பக்கம் போகப் பயம். கோபம் ஆறினால் தானாக வந்துவிடுவாள் என்று, அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.