ஐம்பதைத் தாண்டினால் ஆடும் வண்டி

என் கணவர் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு ஆர்டர் பிடிக்கும் வேலையில் இருந்தார். ஆடி முடிந்ததும் சீசன் தொடங்கிவிடும். அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று கடைகடையாக ஏறி இறங்குவார். மற்ற கம்பெனிக்காரர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் போவார்கள். இவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் போவார்.

யாரோ ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்து, இரண்டு மூன்று கை மாறி இவரிடம் வந்த வண்டி அது. அறுபதுகளின் தொடக்கம், எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும் முன் தனக்குச் சட்டை தேய்க்கிறாரோ இல்லையோ, வண்டியைத் துடைத்துவிடுவார். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் அதன் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. பிறகு பழகிவிட்டது. சந்துமுனையில் அதன் சத்தம் கேட்டதும் உலையில் அரிசியைப் போட்டால், அவர் வண்டியைத் துடைத்து, கைகால் கழுவி வந்து உட்காரும்போது சோறு வடித்திருப்பேன்.

அந்த வருஷம் ஆவணி தொடக்கத்தில் ஒரு நாள் முழங்கையில் சட்டை கிழிந்து, உள்ளே தோல் உரிந்து வந்தார். கேட்டதற்கு, கயத்தாறு பக்கம் ஆடு குறுக்கே வந்துவிட்டது என்றார். அவருடைய அம்மா, என் மாமி, மஞ்சளை இழைத்துப் போட்டுக்கொண்டே ஆட்டுக்காரனைத் திட்டினார். நானும் நம்பினேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் நாகர்கோவில் பக்கம் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தார். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை விருதுநகர் மெக்கானிக்கிடம் போய் வந்தார். வண்டியைத் துடைக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு, துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவருடைய சிநேகிதர் ஒருவரிடம் வாசலில் நின்று பேசியது என் காதில் விழுந்தது.

"அம்பது மைல் வேகத்தத் தாண்டுனா வண்டி தலைய ஆட்டுதுப்பா. முதல்ல லேசா ஆடும். பெறகு, தண்ணிக்குள்ள இருந்து ஏறுன எருமை உடம்ப உதறும்ல, அப்பிடி உதறுது. அன்னைக்குப் பயந்து பிரேக்க மிதிச்சேன். அம்புட்டுத்தான், தூக்கிப் போட்டுருச்சு."

அவர் உள்ளே வந்ததும் கேட்டேன். "ஆடு குறுக்க வந்துச்சுன்னீக?"

முழங்கைக் காயத்தைத் தடவிக்கொண்டார். "சொன்னா நீயும் அம்மாவும் வண்டியத் தொட விடமாட்டீகல்ல."

அவர் பயந்தது போலத்தான் நடந்தது. விஷயம் தெரிந்ததும் மாமி வண்டியை விற்றுவிடச் சொன்னார். "எல்லாரும் பஸ்லதான போறாக? உனக்கு மட்டும் என்னலே?" என்றார். இவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. ஹேண்டிலுக்கு அடியில், அது திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். முன் டயரை மாற்றினார். முன் சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இறுக்கினார். ஹேண்டில் நடுவே ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் ஹேண்டில் சட்டென்று திரும்பாது. அதையும் இறுக்கி அனுப்பினார். சந்தில் வண்டியைத் திருப்பும்போது இவருக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். ஐம்பதைத் தாண்டினால் ஆட்டம் அப்படியே இருந்தது.

"நான் பாக்கணும்," என்றேன் ஒரு நாள்.

"என்னத்த?"

"அது ஆடுறத. நானும் வாறேன்."

மறுத்துப் பார்த்தார். விருதுநகரில் என் பிறந்த வீட்டுக்கு, அத்தாவைப் பார்க்கப் போய் வருகிறோம் என்று மாமியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். விருதுநகர்ப் பக்கம் திரும்பாமல் நேரே சாத்தூர் போய், அங்கிருந்து கோவில்பட்டி ரோட்டைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். முன்னால் வெடி லோடு ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது தூரம் போகும் வரை ஓரமாக நின்றோம். பிறகு வேகம் கூட்டினார். நான் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவர் இடுப்பையும் மறு கையால் முந்தானையையும் பிடித்திருந்தேன். அவர் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்த்தேன். முள் ஐம்பதைத் தொட்டது, தாண்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார்.

"ஏ புள்ள, ஆடவே இல்லையே," என்றார். "உன்னைக் கண்டா வண்டிக்கும் பயம் போல."

சிரித்தேன். ஆனால் மனதுக்குள் ஒன்று உறுத்தியது. காலண்டர் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. அந்த சீசனுக்குத்தான் தச்சரிடம் சொல்லி நீளமாகப் புதுப் பெட்டி செய்திருந்தார். காலண்டர்கள் மடங்கக்கூடாது, மடங்கினால் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதற்காக. தகரப் பட்டை அடித்த காலண்டர்கள், டைரிகள், அட்டைகள் எல்லாம் சேர்ந்தால் நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது. சீட்டுக்குப் பின்னால் கேரியரில் வைத்துக் கட்டினால், பின் சக்கரத்தையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"இன்னைக்குப் பெட்டி இல்லையே மச்சான்," என்றேன்.

"பெட்டி என்ன பண்ணும்? இம்மி அசையாமத்தான கட்டுறேன். ஆடுறது ஹேண்டில்தான் புள்ள. என் கையில தெரியுதுல்ல."

"சரி, பெட்டியோட ஒருக்கா போய்ப் பாப்போம்."

அடுத்த நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பெட்டியோடு என்னையும் ஏற்றிக்கொள்ள அவர் ஒப்பவில்லை; நான் பஸ்ஸில் சாத்தூர் போய் இறங்கினேன். ஊர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பிப் போனார். என்னைக் கடக்கும்போது வேகம் நன்றாகக் கூடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "ஆடுச்சுன்னா பிரேக்கைத் தொடாதீக, மெல்ல வேகத்தைக் குறைங்க," என்று பலமுறை சொல்லி அனுப்பினேன். அதெல்லாம் அவருக்கே தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வண்டி என்னைக் கடந்து போனது. போன பிறகுதான் பார்த்தேன். அவர் தலையும் தோளும் நேராகத்தான் இருந்தன. பின்னால் அந்தப் பெட்டி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது, நாய் வாலை ஆட்டுவது மாதிரி. கூடவே பின் சக்கரமும். அதற்குப் பிறகுதான் ஹேண்டில் ஆடத் தொடங்கியது. வேகம் மெல்லக் குறைந்து, ஆட்டம் அடங்கி, வண்டி திரும்பி வரும் வரை நான் மூச்சுவிட்ட மாதிரியே ஞாபகம் இல்லை.

"பின்னாலதான் முதல்ல ஆடுது மச்சான். முன்னால இல்ல."

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நெசமாவா?"

"என் கண்ணால பாத்தேன்."

அங்கிருந்து அவர் வண்டியிலும் நான் பஸ்ஸிலுமாக நேராக விருதுநகருக்குப் போனோம். மெக்கானிக் என்னையும் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இவர் நடந்ததைச் சொன்னார். மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தார். மறுபடி அதே சத்தம். பின் சக்கரத்தைத் தாங்கும் கவட்டுக் கம்பி, வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் இருந்த புஷ் என்ற சின்ன உலோகக் குழல் தேய்ந்துபோயிருந்தது.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலை ஆடுதுன்னீக, நானும் தலையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் பாய்," என்று சிரித்தார். "இடுப்பு வலிக்காரனுக்கு இம்புட்டு நாளும் நெத்தியில தைலம் தடவியிருக்கேன்."

எண்ணெய் மில்களுக்கு லேத்தில் சாமான் கடைந்து கொடுக்கும் பட்டறையில் புது புஷ் கடைந்து வாங்கிப் போட்டார். பெட்டியோடு ஓட்டிப் பார்த்தபோது ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் முழுவதும் போகவில்லை. "இனி பெட்டிதான்," என்றார் மெக்கானிக். "அம்புட்டுப் பாரத்தையும் வால்ல கொண்டுபோய் வச்சா, முன் சக்கரம் எப்பிடித் தரையில கெட்டியா நிக்கும்?"

பெட்டியை விட இவருக்கு மனசில்லை. தேக்குப் பலகை, பித்தளைக் கொண்டி, அழகான பெட்டி. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் நானே லாரி தார்ப்பாய்த் துணி வாங்கிவரச் சொல்லி, தையல் மெஷினில் இரண்டு பைகள் தைத்தேன். மெஷின் ஊசி இரண்டு முறை முறிந்தது. பைகளை வண்டியின் இரண்டு பக்கமும் சக்கரத்தை ஒட்டித் தாழ்வாகக் கட்டினோம். டைரிகள் அடியில், காலண்டர்கள் சுருட்டி மேலே. இரண்டு பையும் ஒரே கனமாக இருக்கிறதா என்று நானும் மாமியும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பார்த்து, மாற்றி மாற்றி அடுக்கினோம். வண்டியை விற்கச் சொன்ன மாமிதான், "இந்தப் பையில இன்னும் ரெண்டு டைரி வை," என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், "இம்மி ஆடல புள்ள," என்றார். வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

சுருட்டிய காலண்டரால் ஒரு தொல்லை வந்தது. கடையில் விரித்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். கடைக்காரர்கள் தராசுப் படிக்கற்களைத் தூக்கி நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார்களாம். "ஒரு ஆளு புடிச்சுக்கிட்டா நல்லாருக்கும்," என்றார் இவர் சாப்பிடும்போது. மாமி என்னைப் பார்த்தார். "அப்ப இவளைக் கூட்டிட்டுப் போ," என்றார்.

புரட்டாசி பிறக்கும் முன் நான் முதல்முறையாக நாகர்கோவில் போனது அப்படித்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியதும் காற்று பக்கத்திலிருந்து வந்து அறைந்தது. வண்டி லேசாகச் சாய்ந்தது. நான் அவர் சட்டையை இறுகப் பிடித்தேன்.

"பயப்படாத, இது காத்து," என்று கத்திச் சொன்னார். "வண்டி நல்லாத்தான் இருக்கு."

நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடை முதலாளி, காலண்டரின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

"கம்பெனி ஆளு," என்றார் என் கணவர். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் அடுத்த காலண்டரை விரித்தேன்.