அம்மா சொல்ல மறுத்த ஆறுதல்

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு "நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடும்மா" என்று அப்பா கேட்டார். நல்லது என்றால் யார் மனமும் நோகாமல் என்று அவருக்கு அர்த்தம். நான் அம்மாவின் மகள், அந்த வித்தை எனக்கு வராது. இதை வாங்கிப் படிக்கும் சிலருக்கு இடையில் வரும் பகுதி பிடிக்காது. எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும். ஒரு வரியும் எடுக்காத" என்றார்.

அம்மா மதுராந்தகத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். கல்பாக்கத்தில் வேலை பார்த்த அப்பாவை மணந்து குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்தார். எனக்கு முன் ஓர் அண்ணன் இருந்தான். பள்ளியில் சேர்ந்த வருடமே மூளைக் காய்ச்சல் கண்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். துக்கத்துக்கு வந்த சபையார், நல்ல பூவைத்தான் ஆண்டவர் பறிப்பார் என்று அம்மாவைத் தேற்றினார்கள். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். "என் புள்ளயைப் பூன்னு சொன்னவங்க வூட்ல புள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்று பிற்பாடு சொல்வார். வாழ்த்தா வசவா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகுதான் புதன்கிழமைதோறும் அம்மா செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறத் தொடங்கினார். கூடையில் தேங்காயெண்ணெய், சீப்பு, நகவெட்டி, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் கிடக்கும் பெண்களுக்குத் தலை வாரிவிடுவார். கேட்டால்தான் ஜெபம் செய்வார். பாட்டு மட்டும் யாரும் கேட்டதில்லை, அம்மாவின் குரல் அப்படி. தொண்ணூறுகள் முழுக்க இப்படியே போயிற்று. சபையில் இதை அம்மாவின் ஊழியம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நான் நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் சபை மூப்பரின் மருமகளைத் தீக்காயங்களோடு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திருவிடந்தைப் பெண், அவளுக்கு ஒரு கைக்குழந்தை. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் மாலை மூப்பரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ கொடுத்தார்.

"சிஸ்டர், நாளிக்கு மாஜிஸ்ட்ரேட் வந்து அதுகிட்ட வாக்குமூலம் வாங்கப் போறாரு. ஸ்டவ் வெடிச்சிட்சின்னு சொன்னா போதும், முடிஞ்சிரும். நாங்க பேசுனா மூஞ்ச திருப்பிக்குது. நீங்க போயி ஜெபம் பண்ணி, மன்னிக்கச் சொல்லுங்க. ஆறுதல் சொல்றதுதான உங்க ஊழியம்?"

"உங்க பையன் இன்னா பண்ணான்?" என்று அம்மா கேட்டார்.

மூப்பர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிருந்தான், சிஸ்டர்."

அவர் போனபின் அப்பா பதறினார். அப்போது அவர் சபைக் கமிட்டியில் இருந்தார். "நீ இதுல தலையிடாத. நாளைக்கு ஒரே கோயில்ல முகம் பாக்கணும்" என்றார். அம்மா, "கூப்ட்டாங்க, போறேன்" என்று மட்டும் சொன்னார். இரவு போன் செய்த மூப்பரிடமும் அதையே சொல்ல, அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, காலையில் வேனையே அனுப்பிவிட்டார். அம்மாவைத் தனியே விட எனக்கு மனமில்லை, நானும் ஏறினேன். முன் சீட்டில் மூப்பர், பக்கத்தில் அவர் மனைவி, மடியில் அந்தக் குழந்தை. குழந்தையை எதற்குக் கூட்டி வருகிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது.

வழியில் அம்மா என் காதருகே குனிந்து, "அவ ஆத்தாவுக்குச் சொன்னாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். மூப்பர் டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னார். செங்கல்பட்டில் இறங்கியதும், திருவிடந்தையில் அவள் தாய் வீட்டருகே இருந்த கடைக்குப் போன் போட்டுச் செய்தி சொன்னேன்.

தீக்காய வார்டில் அவள் கொசுவலைக்குள் வெள்ளைக் களிம்பு பூசிக் கிடந்தாள். முகம் தப்பியிருந்தது. அம்மா அவளருகே போனார், நான் வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் மாமியார், குழந்தையை அவள் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா இன்னா சொல்லி அனுப்சாரு?" என்று அவள் கேட்டாள்.

அம்மா மறைக்கவில்லை. "ஸ்டவ் வெடிச்சிதுன்னு உன்ன சொல்ல வைக்கச் சொன்னாரு. நான் அத சொல்ல வரல."

"நெசத்த சொன்னா எம்புள்ளய என்கைல குடுப்பாங்களாம்மா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நான் துடித்தேன். "தெரியல கண்ணு" என்றார் அம்மா.

"ஆண்டவரு மன்னிக்கச் சொல்றாரே?"

"அது உனக்கும் அவருக்கும் நடக்குற பேச்சு. ஒடம்பு தேறட்டும், மெதுவா பேசிக்க. பொய் சொல்லச் சொல்லி அவரு யாரையும் அனுப்ப மாட்டாரு."

பிறகு அவள் கேட்டதன்பேரில் ஜெபித்தார். "ஆண்டவரே, இந்தப் புள்ள வாயத் தொறக்கும்போது பயம் இல்லாம இருக்கட்டும்" என்று அம்மா சொன்னது வாசல்வரை கேட்டது. மாமியார் உள்ளே பாய்ந்தார். "இன்னாத்துக்கு உன்ன இட்டாந்தோம், நீ இன்னா ஜெபம் பண்ணிகினு கீற?" சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தார். அந்த நேரத்தில்தான் மாஜிஸ்ட்ரேட் வந்து சேர்ந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே அவள் என்ன சொல்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மூப்பர் வராந்தாக் கோடியில் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். பெஞ்சில் மாமியார் குழந்தையோடு தனியாக இருந்தார். அம்மா நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"எம்புள்ளய ஜெயில்ல தள்ளிட்டு என்கிட்டயே வந்து குந்துறியா?"

"உனக்கும் புள்ள போவுது. எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. எழுந்திருக்கவில்லை.

மாமியார் முந்தானைக்குள் மறைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "அவன் ஊத்துனத நான் பாத்தேன். நான்தான் அணைச்சேன்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். அதைக் குடித்ததும் அவர் குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தார். "கதவு தொறந்ததும், எங்க வூட்டுக்காரரு வரதுக்குள்ள உள்ள இட்டுகினு போ. அவ ஆத்தா வந்தா அவங்க கைலயே குடுத்துடு. எங்க வூட்டுக்கு வேணாம்."

அந்தப் பெண் நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தாள். மதியம் வந்த அவள் தாயிடம் அம்மா குழந்தையைக் கொடுத்தார். வழக்கு நடந்தது, மூப்பரின் மகன் சிறை சென்றார். அப்பாவுக்குக் கமிட்டியில் இடம் போனது. வீட்டு ஜெபக் கூட்டம் எங்கள் தெருவை மறந்துவிட்டது. அம்மா மட்டும் ஞாயிறு தவறாமல் அதே கோயிலில் அதே வரிசையில் உட்கார்ந்து, அதே ஓட்டைக் குரலில் பாடினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது, இன்னும் முழுக்க அடங்கவில்லை.

சென்ற ஆண்டு கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வலியிலும் அம்மா யாரையும் கடிந்துகொள்ளவில்லை என்று எழுத ஆசைதான். கடிந்துகொண்டார், எல்லாரையும், என்னை அதிகமாக.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், புதன்கிழமைக் கூடையை இப்போது சுமக்கும் தோழியருக்கும், இரவல் கேட்காமலே நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்ட குவார்ட்டர்ஸ் மக்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திருவிடந்தையிலிருந்து மகனோடு வந்து கடைசி வாரம் முழுவதும் அம்மாவோடு இருந்த அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

இன்னொருவர் இருக்கிறார், அன்று வராந்தா பெஞ்சில் எங்கள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவர். அடக்கத்தன்று தெருமுனைவரை வந்தும், ஆட்டோவை விட்டு இறங்காமல் அவர் திரும்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உங்களிடமே சொல்கிறேன்: எங்கள் வீட்டுக்கு வர உங்களை யார் தடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த மலரை உங்கள் கையில் கொடுக்க நானே வருகிறேன். உங்கள் மகன் பெயரைச் சொல்லி எங்கள் அம்மா தினமும் ஜெபித்தார். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.