மருந்து வாடை வராத குழாய்

யார் என்ன சொன்னாலும் மனதில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பை அப்படித்தான் சேர்த்தேன். ஆனால் திருத்தணியில், எங்கள் கிணற்றடியில், நானே சொன்ன ஒரு பேச்சை மட்டும் எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த மழையில் தெருத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. தெரியாமல் அதையே மாடித் தொட்டிக்கும் ஏற்றிவிட்டோம். சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருவர் வந்து பிளீச்சிங் பவுடர் கொடுத்தார். பக்கெட்டில் கரைத்து, தெளிந்ததைக் கிணற்றில் ஊற்றச் சொன்னார்.

"அத்தோட வுட்டுடாதீங்க சார். தொட்டிய கழுவிட்டு, மோட்டார் போட்டு மருந்துத் தண்ணிய ஏத்துங்க. ஒவ்வொரு கொழாயா தொறந்து வாடை வர்ற வரைக்கும் வுடுங்க. ஒரு நாள் மூடி வச்சிட்டு அப்புறமா வெளியேத்துங்க. வாடை வராத கொழாய நம்பாதீங்க."

"ஆங், ஆங்" என்று தலையாட்டினேன்.

மறுநாள் கிருத்திகை. மலைக்குப் போகுமுன் வீட்டு வேலுக்கு அபிஷேகம் செய்வது எங்கள் வழக்கம். அந்தத் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கலாமா? தொட்டித் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. கிணற்றுக்கு மட்டும் மருந்து ஊற்றினேன். தொட்டியைத் தொடவில்லை.

நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். பின்கட்டில் குடியிருந்த பொதட்டூர்பேட்டைத் தம்பதி குடித்தது குழாய்த் தண்ணீர். கிருத்திகை கழிந்த இரண்டாம் நாள் இருவருக்கும் வாந்தி, பேதி. பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

திரும்பி வந்த பின்கட்டுப் பெண், கிணற்றடியில் நாலைந்து பெண்கள் நிற்கும்போது கேட்டாள்: "அண்ணா, தண்ணியில எதுனா கோளாறா?"

"கெணத்துக்கு என் கையால மருந்து போட்டிருக்கேன். மொதல்ல உன் கொடத்த கழுவும்மா. கண்ட எடத்துல வச்சி எடுத்தாந்தா இப்படித்தான்."

அவள் குடத்தைப் பார்த்தாள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை, பளபளவென்றிருந்தது. அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்றாள்.

அந்த வாரமே பணியாளர் அம்மா சோதித்துப் பார்க்க வந்தார். சிறு குப்பியில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துச் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டார், பவுடர் கலந்திருப்பதற்கு அடையாளமாக மஞ்சளானது. பின்கட்டுக் குழாய்த் தண்ணீர் நிறம் மாறவே இல்லை.

"தொட்டிக்கு ஏத்தலியா?"

நான் வாய் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்: "வேலுக்கு வாடை அடிக்கும்னு இவருதான் வாணாம்னாரு."

"சாமிக்கு வாடை ஆவாது, குடிக்கிறவங்களுக்குப் பேதி ஆவுமா சார்?"

தொட்டிக்குள் இறங்கினேன். அடியில் கொழகொழவென்று சேறு, கைகையாக வந்தது. கழுவி, மருந்துத் தண்ணீர் ஏற்றி, எல்லாக் குழாய்களையும் திறந்தேன். கடைசியாகத்தான் பின்கட்டுக் குழாய். குப்பென்று வாடை வந்தது. இடுப்பில் குடத்தோடு அவள் வந்தாள்.

"என் தப்புதாம்மா. தொட்டிய நான் கழுவல."

அவள் குடத்தை இறக்கவில்லை.

"அத்தினி பேரு எதிர்ல என் கொடத்த சொன்னீங்க. இத்த மட்டும் தனியா சொல்றீங்களேண்ணா."

தெருமுனைக் குழாயடியில் அதே பெண்கள்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பத்தடி நடந்தால் போதும். நான் குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன்.

இப்போது எங்கள் தண்ணீர் சுத்தம். அவள் இன்னும் தெருமுனைக்குத்தான் போகிறாள்.