செம்மண் படாத பாவாடை

ஆரணியில் பெண்களுக்கென்று டென்னிஸ் போட்டி நடத்திய புண்ணியவான் என்று அந்தப் பட்டுக்கடை முதலாளியை இன்றும் சிலர் புகழ்வதுண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது. பந்தல், நீர்மோர், வெள்ளிக்கோப்பை எல்லாம் அவர் செலவு. கோப்பையை வெல்பவளைத் தம் செலவிலேயே சென்னைக்கு ஆட அனுப்புவதாகவும் அறிவித்திருந்தார். அக்காவுக்கு அந்தச் சென்னைதான் வேண்டியிருந்தது. விளையாட்டு ஆசிரியை கொடுத்த பழைய மட்டையோடு, அதிகாரிகள் சங்கத்துச் செம்மண் தரையில் விடியற்காலைகளில் பழகியவள். பள்ளிக்கூடத்து வெள்ளைக் குட்டைப் பாவாடையில் ஓடியோடி ஆடியே இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டாள்.

அந்த ஆட்டத்தன்று காலை முதலாளி ஆளுக்கொன்றாக இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். உள்ளே அகல ஜரிகை வைத்த பட்டுப் பாவாடை, தாவணி.

"பேப்பர்காரன் போட்டோ எடுக்கறான். நம்ம கடைச் சரக்கு தெரிய வேணாமா? ஜல்தியா கட்டிகினு வாங்கம்மா."

எதிராளி வேலூர் அதிகாரி ஒருவரின் மகள். "இதைக் கட்டிகினு எப்படிங்க ஓடறது? கல்யாணத்துக்கா வந்திருக்கேன்?" என்று சிரித்தாள்.

"அதுவும் சரிதாம்மா, உன் இஷ்டம்," என்று முதலாளியும் சிரித்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். எங்கள் தறியில் ஏற்றும் பாவும் நூலும் அவர் கடையிலிருந்துதான் வந்தன. நெய்து கொடுத்தால் கூலி; பாவு வராவிட்டால் அதுவும் இல்லை.

"ஏம்பா, உன் பொண்ணுக்கும் கசக்குதா?"

மற்ற நாளில் தறிக்குழியில் இருந்தபடியே வீடு அதிரக் கத்தும் அப்பா, தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "கட்டிக்கோம்மா" என்றார்.

"பாத்து ஆடு. சாயந்திரம் கடைக்குத் திரும்பணும். விக்கிற சரக்கு," என்றார் முதலாளி.

அக்கா ஆடினாள் என்று சொல்ல மாட்டேன். நின்றாள். பக்கத்தில் விழுந்த பந்தை அடித்தாள்; தள்ளி விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மட்டை, மறு கையில் தரையைத் தொடாமல் தூக்கிப் பிடித்த ஜரிகைக் கரை. நான் பந்தல் கம்பத்தில் ஏறி, "தூக்கிச் செருகிகினு ஓடுக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"பட்டுக்கு வலிக்கும்னு பாக்குது போல," என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. அப்பா என்னைக் கம்பத்திலிருந்து இறக்கி வாயைப் பொத்தினார்.

கோப்பை வேலூருக்குப் போயிற்று. சென்னையும் அதனோடு போயிற்று. போட்டோவில் மட்டும் அக்காவை நடுவில் நிறுத்தினார்கள். ஜெயித்தவள் ஓரத்தில் நின்றாள். அவிழ்த்துக் கொடுத்த பாவாடையை முதலாளி வெயிலில் விரித்து, கரை முழுவதும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு பொட்டு செம்மண் இல்ல. தங்கமான பொண்ணுப்பா!"

தோற்றதற்கு இப்படியொரு பாராட்டை நான் பிறகு எந்த ஆட்டத்திலும் கேட்டதில்லை. அப்பா அவரைக் கும்பிட்டார். அதைப் பார்த்த ஆத்திரத்தில் வீடு வரும்வரை நான் அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் கடையிலிருந்து புதுப் பாவு வந்தது. அம்மா அதற்குக் கற்பூரம் காட்டி, எல்லோர் கையிலும் சர்க்கரை போட்டாள். தோற்றுப்போன வீட்டில் எதற்குச் சர்க்கரை என்று எனக்கு விளங்கவில்லை. மட்டையைப் பரணில் போட்டுவிட்டு வந்த அக்கா, தன் பங்கையும் என் கையில் கொட்டினாள்.

"அதான் பாவு வந்துடுச்சில்ல, தின்னு."

தின்றேன். இனிப்பாகவே இருந்தது.