மரண அறிவித்தலை நான் எழுதிய நாள்

எங்கள் வீட்டில் துக்கத்துக்கு ஒரே ஒரு சொல்தான் புழக்கத்தில் இருந்தது. கவலை. என் பென்சில் பெட்டி தொலைந்தபோது அம்மா, "கவலைதான், என்ன செய்யிறது" என்றார். அப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனபோதும் அதையேதான், அதே குரலில் சொன்னார். ஆகவே, எனக்குப் பத்து வயதில் அப்பப்பா கண்டி ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது, இதற்கும் கவலைதானா, அல்லது இதற்கென்று பெரிதாக வேறு ஏதாவது சொல் வைத்திருக்கிறார்களா என்று நான் காத்திருந்தேன்.

வைத்திருக்கவில்லை. அலவத்துகொடையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா முதலில் வந்து, "மௌத்தாகிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குத் தேநீர் வைக்கத் தன் வீட்டுக்கே திரும்பிப் போனார். கலஹா பக்கத்திலிருந்து மரக்கறி கொண்டுவருபவர் கூடையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, "கேதம்னு சொன்னாங்க, அதான் வந்தேங்க" என்றார். அம்மா இரண்டு பேருக்கும், "ஓம், கவலைதான்" என்றார். ஒரே வாசற்படலையில் மூன்று சொற்கள். இவற்றில் எது பெரியது, எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அதுவரை அழவும் இல்லை. அது வேறு உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

பெரிய சொற்கள் எல்லாம் பின்னேரம்தான் வந்தன. அப்பா மேசையில் உட்கார்ந்து மரண அறிவித்தல் எழுதத் தொடங்கினார். மறுநாள் காலையில் அது பத்திரிகையிலும் வர வேண்டும், வானொலியிலும் போக வேண்டும். அப்பாவின் கையெழுத்து அவர் வேலை பார்க்கும் கந்தோரில் அவருக்கே விளங்காது என்று அம்மா சொல்வார். என் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது. எனவே அவர் கிறுக்கியதைப் பார்த்துச் சுத்தமாக எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது பெருமைப்படலாமா என்பதும் தெரியவில்லை.

அப்பப்பா செத்துப்போகவில்லை, இறைவனடி சேர்ந்திருந்தார். அவர் யாரோ இருவரின் அன்பு மகன், என்றோ காலமான அப்பம்மாவின் அன்புக் கணவர், பெரியப்பாவினதும் அப்பாவினதும் கனடாவிலிருந்த சித்தப்பாவினதும் பாசமிகு தந்தை. இந்தச் சொற்களை எங்கள் வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதேயில்லை. அப்பாவும் அப்பப்பாவும் கடைசி ஒரு வருடமாகச் செய்தி நேரத்தில் மட்டுமே பேசிக்கொண்டவர்கள்.

"அப்பா, அன்பு இல்லாத ஆக்களுக்கு என்ன போடுறது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அன்புதான். எழுது."

அப்போது தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா. அவர்தான் மூத்தவர், அவர் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். அவருடைய குரல் எப்போதும் ரிசீவரிலிருந்து வெளியே தெறிக்கும்.

"அவளின்ர பேர் வந்தால் நான் கொள்ளி வைக்க வரமாட்டன், சொல்லிப்போட்டன்."

"இல்லை அண்ணை. போடேல்லை அண்ணை" என்றார் அப்பா.

அவள் என்றால் கலகெதர மாமி. அப்பாவின் கூடப் பிறந்தவர். நான் பிறப்பதற்கு முன்னரே, கலகெதரையில் சாமான் கடை வைத்திருந்த சிங்களவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவர். அன்றைக்கே பெரியப்பா அந்தப் பெயரை வீட்டிலிருந்து துடைத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் குருநாகல் பஸ் கொண்டக்டர் ஒருவர் மூலம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொக்கிஸ் பலகாரம் வரும். அம்மா வாங்கி வைப்பார். அப்பா அதை எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்காமல் டின் காலியாகும்வரை சாப்பிடுவார். மாமியின் பெயர் எனக்குத் தெரிந்தது அந்த டின்னில் ஒட்டியிருந்த துண்டிலிருந்துதான்.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு மணித்தியாலப் பயணம். அவவுக்கு ஆர் சொல்லுறது? தகப்பன்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்க வேண்டாமோ?"

"அண்ணைக்கு வாக்குக் குடுத்திட்டன். பேசாமல் இரும்" என்றார் அப்பா.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாசமிகு தந்தையும் என்ற இடத்துக்கு வந்தபோது மூன்று பெயர்களை எழுதிவிட்டு, நாலாவதாக, கடைசியில், மாமியின் பெயரையும் எழுதினேன். அவர் அப்பாவுக்கு அக்காவா தங்கையா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஏன் எழுதினேன்? அப்பா கவலையில் பிழை விடுகிறார் என்று நினைத்தேனா, அநியாயம் என்று நினைத்தேனா, இத்தனை வருடம் கழித்தும் சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் அன்புதான் என்று அவரே சொன்னாரே என்றும் நினைத்திருக்கலாம்.

அப்பா தாளை வாங்கி வாசித்தார். கந்தோர்க் கடிதத்தை வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து வாசித்தார். ஓர் இடத்தில் விரல் வெகுநேரம் நின்றது. நான் எழுத்துப் பிழை விட்டுவிட்டேன் போலும் என்று பயந்துபோனேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேசையில் கிடந்த என் பேனையையும் எடுத்துக்கொண்டு, ஃபாக்ஸ் அனுப்புவதற்காகச் சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடைக்குப் போனார். எனக்கு அந்தப் பேனை போனதும் ஒரு கவலையாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அப்பப்பாவை முன்விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். படலையில் ஒரு பெண் வந்து நின்றார். கடையில் நின்ற கோலத்தோடு பஸ் ஏறியிருக்க வேண்டும், கையில் கடைச் சாவிக்கொத்து இருந்தது. உள்ளே வரவில்லை. அப்பா எழுந்து படலைவரை போனார்.

"அக்கா, உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

அப்பா யாரையும் அக்கா என்று அழைத்து நான் அன்றுதான் கேட்டேன். மாமி வந்து அப்பப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஒப்பாரி வைக்கவில்லை. நெற்றியைத் தடவி, தடவி, ஒரே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்பா, ரேடியோவிலை என்ர பேரும் சொன்னவையள். அப்பா, என்ர பேரும் சொன்னவையள்."

இதில் எங்கே துக்கம் இருக்கிறது, ஏதோ பரிசு கிடைத்த செய்தியைப்போலச் சொல்கிறாரே என்று நான் குழம்பிப்போய் நின்றேன். ஆனால் அதைக் கேட்ட ராத்தா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் பெரியப்பா வந்து சேர்ந்தார். வந்த வழியில் பத்திரிகை வாங்கியிருந்தார். விறாந்தையில் மாமியைக் கண்டும் காணாதவர்போலக் கடந்து வந்து, அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆர் போட்டது? எனக்கு என்ன சொன்னனீ?"

அப்பா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளைதான் அண்ணை. தெரியாமல் எழுதிப்போட்டுது. நான் கவனிக்கேல்லை" என்று சொல்லி, எல்லோருக்கும் தெரியும்படி என் தலையில் ஒரு குட்டு வைத்தார். கை ஓங்கிய வேகத்துக்கு அது வலிக்கவே இல்லை. ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நேற்று விரல் வைத்து வாசித்தவர் இன்று கவனிக்கவில்லை என்கிறாரே.

பெரியப்பா பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இஞ்சை பார்! இதை எழுதச் சொன்னது ஆர்?" என்றார். அவர் விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். பெரியப்பாவின் பெயருக்கு அடுத்ததாக, அப்பாவின் பெயருக்கு முன்னால், மாமியின் பெயர் இருந்தது.

"நான் கடைசியிலைதான் எழு..."

"வாயை மூடு!" என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தியதை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பத்து வயதுப் பிள்ளையோடு என்ன வழக்குப் பேசுவது? "ஊரெல்லாம் வாசிச்சிருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனார். பின்னேரம் அவரே கொள்ளி வைத்தார் என்று மயானத்துக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

நான் குசினி மூலையில் இருந்து அன்று முழுக்க அழுதேன். வந்தவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவி, அப்பப்பாவில் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். எனக்கோ வேறு குழப்பம். எங்கள் வீட்டில் யார் முதல் பிறந்தார், யார் பிறகு பிறந்தார் என்பது பத்திரிகைக் கந்தோரில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் நெடுநாள் யோசித்துக்கொண்டே இருந்தேன்.