வலித்தால் சிரிப்பவள்

பிற்பகல் மூன்றேகாலுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகளுக்கு வயிற்று வலி, வந்து அழைத்துப் போகச் சொன்னார்கள். மாமல்லபுரத்தில் பார்த்த மருத்துவர், எதற்கும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்றார். வழிநெடுக, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோ ஏறி இறங்கியபோது அவள் சிரித்தாள். நான் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. சிறு வயதிலிருந்தே அடிபட்டால் அழமாட்டாள், சிரிப்பாள். வலி கூடக்கூடச் சிரிப்பும் கூடும். கதவிடுக்கில் நகம் பிய்ந்த அன்றும் கண்ணில் நீர் வழிய விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வயிற்று வலிக்குச் செய்த அறுவைச் சிகிச்சையின் தழும்பு இப்போது ஆறிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் அவள் அறையில் சிரிப்புக் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கெட்டவர் இல்லை. களைத்திருந்தார்.

"பத்துக்கு எவ்ளோ வலிக்குது?"

"எட்டு சார்," என்று சிரித்தாள்.

"எட்டுக்கு இந்தச் சிரிப்பா? நாளைக்கு ஸ்கூல்ல டெஸ்ட்டா?"

நர்ஸும் சிரித்தார். மகள் இன்னும் பலமாகச் சிரித்தாள்.

"சார், வலிச்சாத்தான் சார் அவளுக்குச் சிரிப்பு வரும்."

"கேஸ் டிரபுளா இருக்கும்மா. டிரிப்ஸ் ஏறட்டும். நீங்க டென்ஷனாகாம வெளிய உக்காருங்க."

வெளி பெஞ்சில், கணவரை உள்ளே சேர்த்திருந்த மீன்காரப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா நீ? கொயந்த உள்ள சிரிச்சிகினு கீது, நீ இங்க அயுதுகினு கீறே. ஊசிய உனுக்குத்தான் போடணும்."

என்ன சொல்லிப் புரியவைப்பது? திரை இடுக்கில் பார்த்தேன். முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள், நீட்டவே இல்லை. மறுபடி உள்ளே போய்ச் சொன்னேன். மறுபடி வெளியே அனுப்பினார்கள். பெற்றவள் சொல்வது பதற்றம், பிள்ளை சிரிப்பது ஆரோக்கியம். அவர்கள் கணக்கு அவ்வளவுதான். மெல்ல அவள் சிரிப்பில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

விளக்கு போடும் நேரத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தார். என் வயதிருக்கும். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் நேராக உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வலது அடிவயிற்றில் மெதுவாகக் கை வைத்தார். அவள் வெடித்துச் சிரித்தாள்.

கையை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

"சிரிச்சுக்கடா கண்ணு. எவ்ளோ வலிக்குதுன்னு எனக்குத் தெரியுது."