மெக்கானிக் வீட்டு ஃப்ரீஸர்

யார் வீட்டு ஃப்ரீஸர் மக்கர் பண்ணினாலும் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்கள். மனிதர் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, உள்ளதைச் சொல்ல வேண்டுமே! அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஃப்ரீஸரே ஒருநாள் காலையில் படுத்துக்கொண்டது.

வேறு சமயமாக இருந்தால் கிடக்கிறது போ என்று விட்டிருப்பார். உள்ளே இருந்தது மகளின் தாய்ப்பால். பிரசவமான கையோடு அவளுக்குப் பொல்லாத வியாதி என்று தெரிந்தது. மருந்து ஏற ஆரம்பித்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. அதற்குமுன் முடிந்தமட்டும் பீய்ச்சி, பை பையாக நிரப்பி வைத்துவிட்டு, பிள்ளையை இவர்களிடம் விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒருமுறை உருகினால் அந்தப் பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

"எதிர் வீட்டு ஃப்ரீஸர்ல வெச்சுடலாங்க," என்றாள் மனைவி, பேரனைத் தோளில் போட்டபடி. "எல்லாம் இன்னும் கல்லாத்தான் இருக்கு."

"மெக்கானிக் வீட்டுச் சாமான் எதிர் வீட்டுலயா? ஊரே சிரிக்கும். சும்மா இரு, இதோ ஓட வெச்சுடறேன்."

பாழாய்ப்போன வறட்டு கௌரவம்!

கரண்ட் சரியாகத்தான் வந்தது. கம்ப்ரஸர் 'ம்ம்' என்று முனகி, 'டிக்' என்று அடங்கியது. அதைக் கிளப்பிவிடும் ரிலேயைக் கழற்றினார். கருகியிருந்தது. ஒரு வாடிக்கைக்காரரின் அவசரத்துக்கு இதிலிருந்த நல்ல ரிலேயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பையில் கிடந்த பழசை மாட்டியவர் அவரேதான். நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று அப்படியே விட்டுவிட்டார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

புது ரிலே மாட்டினார். முனகல், டிக். ஆறவிட்டு மறுபடி போட்டார். அதே முனகல், அதே டிக்.

"என்னங்க, அடியில தண்ணி கசியுது..."

"கொஞ்சம் வாயை மூடறியா!" என்று எரிந்து விழுந்தார்.

கடைசியில்தான் கம்ப்ரஸரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. பழைய ரிலே ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸருக்குள் இருந்த கம்பிச் சுருளையே எரித்திருந்தது. இனி கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும். மூடியைத் திறந்தால் மேலே கிடந்த பைகள் கையில் தளதளத்தன.

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று, கெட்டியாக இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினார். பாதிதான் தேறியது. உருகியதில் பேரனுக்கு அன்றைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மற்றதை மனைவி அழுதுகொண்டே தொட்டியில் கொட்டினாள். அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். "குட்டி குடிச்சானாப்பா? பால் பத்திரமா இருக்குல்ல?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தவர், உள்ளதையே சொல்லிவிட்டார். "பாதி போச்சும்மா. ஃப்ரீஸர் நின்னுடுச்சு. உங்கம்மா அப்பவே வேற வீட்டுக்கு மாத்தச் சொன்னா, நான்தான் கேக்கல."

மகள் திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"மீதி எங்கப்பா இருக்கு?"

"எதிர் வீட்டுல. நாளைக்கே புது கம்ப்ரஸர் போட்டு நம்ம வீட்டுக்கே கொண்டாந்துடறேன்மா."

"வேண்டாம்ப்பா," என்றாள் மகள். "அங்கயே இருக்கட்டும்."